டீயில ஆடை கட்டுறதுக்குள்ள

நாலுவழிச்சாலைக்காரெய்ங்க வந்து ஓணாம்பட்டிய நட்டநடுவுல கிழிச்சு, வீடுக இந்தப் பக்கம் சுடுகாடு அந்தப் பக்கம்னு பிரிச்சுப் போட்டுட்டுப் போன பெறகு, செத்தவனத் தூக்கிட்டுப் போனாலும் லாரி வருதான்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தேன் தூக்கணும்னு ஆகிப்போச்சு. அந்த ரோட்டு விலக்குல காதர்மைதீன் பாய் ஒரு டீக்கடை போட்டாரு. இந்தக் கதை கெளம்புறதும் அங்கதேன், சுத்திட்டு வந்து எறங்குறதும் அங்கதேன்.

பாய் கடை டீ கெட்டிப்பாலு டீ. கிளாஸுல ஊத்தி அசையாம வச்சா சரியா அஞ்சு நிமிசத்துல மேல ஆடை கட்டும். எவனோ வேலவெட்டி இல்லாதவன் மணி பாத்து இதக் கண்டுபிடிச்சான். அன்னையிலருந்து ஊரு எளவட்டங்களுக்கு அது ஒரு வழக்கமாப் போச்சு. ஞாயித்துக்கெழம காலைல ஆறு அம்பதுக்கு, மொத டவுன்பஸ்ஸு போயி ரோடு காலியானதும், பைக்குல ஏறி உக்காந்து "பாய், ஒரு டீ"ன்னு சொல்லணும். பாய் கிளாஸ பெஞ்சுல டொக்குன்னு வைப்பாரு. அந்தச் சத்தந்தேன் கணக்கு. முறுக்கிக்கிட்டு ஆறு கிலோமீட்டரு போனா தொட்டிப்பாலம். அங்க வெள்ளரிப்பிஞ்சு விக்கிற அக்கா ஒரு பிஞ்ச நீட்டிக்கிட்டு நிக்கும், திரும்புற ஓட்டத்துலயே அத வாங்கிக்கிட்டு, மறுபடி ஆறு கிலோமீட்டரு வந்து, ஆடை கட்டுறதுக்கு முன்ன டீய வாயில வைக்கணும். இதுக்குப் பந்தயம்னு பேரு கெடையாது. போலீஸு கேட்டா "டீ சொல்லிட்டுப் போனோம் சார்"னு சொல்றதுக்கு வாட்டமா "டீ சொல்றது"ன்னுதேன் பேரு. வர்றதுக்குள்ள ஆடை கட்டிருச்சுன்னா அத விரலால எடுத்து, எல்லாரும் பாக்க நெத்தியில ஒட்டிக்கிட்டு உக்காந்து மிச்ச டீயக் குடிக்கணும். ஊருல பாதி ஆம்பளைங்க நெத்தியில ஆடை ஒட்டுனவெய்ங்கதேன், மீதிப்பேருட்ட வண்டி இல்ல.

நெத்தியில ஒரு தடவகூட ஒட்டாத ஒரே ஆளு சோணைமுத்து. சின்ன லேப்புகள்ல எடுக்குற ரத்தத்த ஐஸ்பெட்டியில வச்சு மதுர பெரிய லேப்புக்குக் கொண்டுபோயிக் குடுக்குற வேல அவனுக்கு. கருகருன்னு ஒரு பைக்கு, அதுக்குக் கரிச்சான்னு பேரு. ஊசி குத்துன எடத்துல பஞ்ச எடுக்கிறதுக்குள்ள சோணைமுத்து மதுரயில நிப்பான்னு ஊருல ஒரு பேச்சு உண்டு. பாதி பொய்தேன், ஆனா எந்தப் பாதின்னு யாருக்கும் தெரியாது.

வேகம்னா என்னன்னு அவன்கிட்ட கேட்டாய்ங்கன்னா, வாயில இருக்கிற பிஞ்சக் கடிச்சுக்கிட்டே சொல்லுவான். நூறு வரைக்கும் வண்டிதேன் ஓடும், நூறுக்கு மேல ரோடு ஓடும். நூத்தி இருவதுல காத்து சட்டையப் பிடிச்சு "எங்கடா போற"ன்னு கேக்கும், நூத்தி நாப்பதுல நெஞ்சுல கைய வச்சுத் தள்ளும், அப்ப குனிஞ்சு டேங்கோட டேங்கா ஒட்டிக்கிரணும், ரோட்டுல விட்டுவிட்டு இருக்கிற வெள்ளக்கோடு எல்லாம் சேந்து ஒத்த நூலாகும், புளியமரம் பச்சையா ஒரு சொவரா ஆகும், ஹெல்மெட்டுக்குள்ள ஆயிரம் பேரு ஒப்பாரி வைக்கிற மாதிரி எரைச்சலு வரும், வந்துக்கிட்டே இருக்கும், நூத்தி அம்பத்தஞ்சத் தொட்டதும் காது கேட்டுக் கேட்டு அலுத்துப்போயி கதவச் சாத்திரும், அம்புட்டுத்தேன், சத்தம் செத்துப்போகும், கெணத்துக்குள்ள முங்குன மாதிரி ஒரு அமைதி. அதுக்குள்ள பொண்டாட்டி இல்ல, லேப்பு மேடம் இல்ல, அப்பன் செத்தது இல்ல, நாளைக்கு இல்ல. "அந்த அமைதிக்குத்தேன்டா போறது. டீ யாருக்கு வேணும்?"ன்னு முடிப்பான்.

பாய் அப்ப கேப்பாரு: "ஏந்தம்பி, அமைதி வேணும்னா பள்ளிவாசலுக்குப் பின்னாடி நெழலு கெடக்கு, பெட்ரோலு செலவு இல்லாம உக்காரலாமே?"

"பாய், அங்க உங்க கொறட்ட கேக்கும்."

இப்படியாப்பட்டவன், மாசி மாசத்து ஒரு ஞாயித்துக்கெழம டீ சொல்லிட்டுப் போனான். நூத்தி எம்பதத் தொட்டான். போற வழியில கண்மா வளைவு இருக்கு, அங்க ஆடு மாடு கடக்கிறதுக்காக ஊரு சனம் நடுத்திட்ட ஒடச்சு வழி வச்சிருக்கு. அந்த வழியில என்னமோ நடந்துச்சு, அத அவன் யாருட்டயும் சொல்லல, நாமளும் அவன் சொல்றப்ப கேட்டுக்குவோம். திரும்பி வந்து வண்டிய நிறுத்துனப்ப டீ தெளிஞ்ச தண்ணி மாதிரி ஆடை இல்லாம இருந்துச்சு, பாய் மொபைல்ல நாலு நிமிசம் இருவது செகண்டு. எளவட்டங்க விசிலடிச்சுக் கையத் தட்டுனாய்ங்க. சோணைமுத்து பெஞ்சுக்கிட்ட வந்து நின்னு வாயத் தொறந்து என்னமோ சொன்னான். வாயி அசைஞ்சுச்சு. சத்தம் வரல. தொண்டையச் செருமிக்கிட்டு மறுபடி சொன்னான். செருமலும் வரல.

"மாப்ளைக்குக் காத்தடிச்சுத் தொண்ட கட்டிருச்சு"ன்னாய்ங்க. பாய் டீயில மிளகத் தட்டிப் போட்டுக் குடுத்தாரு. வீட்டுக்குப் போனான், அங்கயும் சத்தம் வரல. அவன் பொண்டாட்டி செல்லக்கிளி உப்புத்தண்ணி காச்சிக் குடுத்தா, கொப்புளிக்கிற சத்தங்கூட வரல.

மறுநா திங்கக்கெழம, காலைல ஆறு அம்பத்தஞ்சுக்கு, பாய் கடையில ஒரு ஈ காக்கா இல்லாத நேரத்துல, பெஞ்சுக்கிட்ட வெறும் எடத்துலருந்து சோணைமுத்து கொரலு கணீர்னு வந்துச்சு:

"பாய், ஆடை கட்டிருச்சா?"

பெறகு ஒரு செருமலு. பெறகு மறுபடியும் அதே கேள்வி.

பாய் சுத்திமுத்திப் பாத்தாரு. ஆளில்ல. "கட்டல தம்பி"ன்னு பதிலச் சொல்லிட்டு டீய ஆத்த ஆரம்பிச்சிட்டாரு. கேட்டவனுக்குப் பதில் சொல்றதுதேன மருவாத, ஆளு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன.

ரெண்டு நாளுல ஊருக்குச் சங்கதி வெளங்கிப்போச்சு. சோணைமுத்து எங்க நின்னு என்ன பேசுனாலும் மறுநா அதே மணிக்கு, அதே எடத்துல, அவன் இருந்தாலும் இல்லாட்டியும், அந்தப் பேச்சு வந்து விழுகும். ஒரு நிமிசம் முன்னப்பின்ன கெடையாது. மதுரயில காது மூக்கு தொண்ட டாக்டரு டார்ச்சடிச்சுப் பாத்தாரு, "ஆ சொல்லுங்க"ன்னாரு, இவன் சொன்னான், "தொண்ட சுத்தமா இருக்கு, எதுக்கு வந்தீங்க"ன்னு பீஸ வாங்கிக்கிட்டு அனுப்பிட்டாரு. மறுநா அதே நேரத்துக்கு அந்த நாற்காலில ஒரு பாட்டுவாத்தியாரு வாயத் தொறக்கவும், அவரு வாய்க்குப் பக்கத்துல ஒரு எரும மாதிரி "ஆ"ன்னு சத்தம் வந்து, அவரு அன்னையிலருந்து பாடுறதயே விட்டுட்டாருன்னு கேள்வி. குறி சொல்ற கோடாங்கிக்காரரு உடுக்கையடிச்சுப் பாத்துட்டு, "பய வெரசாப் போயி நாளைக்குள்ள பூந்துட்டான், கொரலு நேத்துலயே நின்னு போச்சு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு நா பள்ளம் கெடக்கு"ன்னாரு. அதுக்குப் பரிகாரம் கேட்டதுக்கு, "நின்னு பாருங்க, அதா வந்தா வரும்"னாரு.

சோணைமுத்து அதையும் செஞ்சு பாத்தான். கரிச்சான முப்பதுல உருட்டிக்கிட்டு, பின்னாடி வர்ற கண்ணுக்குட்டிய எதிர்பாக்குறவன் மாதிரி திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு, தொட்டிப்பாலத்துக்கும் விலக்குக்கும் பதினஞ்சு நாளு போயி வந்தான். கொரலு வந்து ஏறிக்கிரல.

ஊரு இருக்கே, அது எதையும் ஒரு வாரந்தேன் அதிசயமா வச்சிருக்கும், எட்டாம் நாளு வேல வாங்க ஆரம்பிச்சிரும். மறுநா வெள்ளன மதுர பஸ்ஸப் பிடிக்கணும்னா, மொத நா நாலு மணிக்கே சோணைமுத்தக் கூப்பிட்டுத் தலமாட்டுல நிக்க வச்சு "எந்திரிங்க, நேரமாச்சு"ன்னு சொல்ல வச்சாய்ங்க. செல்போனு அலாரத்த அமுக்கலாம், சோணைமுத்த அமுக்க முடியாது. ரேசன்கடைக்காரரு "நாளைக்குச் சீனி இல்ல"ன்னு அவனச் சொல்லவிட்டுட்டு மறுநா கடைய சாத்திக்கிட்டு வீட்டுல படுத்தாரு. சனம் கடை வாசல்ல நின்னு காத்தோட சண்ட போட்டுட்டுப் போச்சு.

வீட்டுலதேன் செரமம். இன்னைக்குக் கொழம்புல உப்பு இல்லைன்னு அவன் வையிறது, நாளைக்கு அவ கோழி அடிச்சுக் கொழம்பு வச்சு ஆசையாப் பரிமாறுறப்ப வந்து விழுகும். "யோவ், நல்லா இருக்குங்கிறியா இல்லைங்கிறியா? நேத்து இருக்கிறவனோட நான் குடும்பம் நடத்தவா, இன்னைக்கு இருக்கிறவனோட நடத்தவா?"ன்னு செல்லக்கிளி கரண்டியத் தூக்குவா. ஒரு நா தனியா இருக்கோம்னு நெனச்சுக்கிட்டு மாமியாள நல்லா நாலு கெட்ட வார்த்தையில வஞ்சான். மறுநா அந்த எடத்துல, அந்த மணிக்கு, மாமியாளே வந்து உக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டிருந்தா. கரிச்சான்ல நூத்தி எம்பதுல போனவன் அன்னைக்கு ஓடுன ஓட்டம் அதைவிட வெரசு.

இன்னொரு சங்கதி, இத மட்டும் மனசுல வச்சுக்கங்க. ஒரு நா பஸ்ஸுல போகையில சில்லறைக்காகக் கண்டக்டரோட வாயாடுனான். மறுநா அந்தப் பேச்சு ரோட்டுல விழுகல. பஸ்ஸு அன்னைக்கு வேற ரூட்டுல, எங்கயோ சிவகங்க பக்கம் போயிக்கிட்டிருந்துச்சு. அங்க, அந்த பஸ்ஸுக்குள்ள, அந்தக் கம்பிக்கிட்ட வந்து விழுந்துச்சாம். கண்டக்டரு ஊருக்கே வந்து, "உங்காளு டிக்கெட் எடுக்காம என் வண்டியில வாராருய்யா"ன்னு பிராது குடுத்துட்டுப் போனாரு. அதாவது, பேச்சு மண்ணுல ஒட்டல. அவன் எதுக்குள்ள இருந்து பேசுறானோ அதோட ஒட்டிக்கிட்டுப் போகுது.

இம்புட்டுலயும் ஒண்ணு நடந்துச்சு. இன்னைக்குச் சொல்றது நாளைக்கு யாரு காதுல விழுகும், அப்ப அங்க யாரு இருப்பா, அழுதுக்கிட்டு இருப்பாளா சிரிச்சுக்கிட்டு இருப்பாளான்னு நெனச்சு நெனச்சு, சோணைமுத்து ஒத்த வார்த்தைக்கு ஒம்போது தடவ யோசிக்கிற ஆளா மாறிட்டான். ஊருலயே வெரசாப் போனவன், ஊருலயே பையப் பேசுறவனா ஆயிட்டான். அதனாலயே அவன் பேச்சுக்கு ஒரு மதிப்பு வந்துச்சு. பஞ்சாயத்துன்னா "மொத நாளே வந்து சொல்லிட்டுப் போப்பா"ன்னு கூப்பிட்டாய்ங்க.

அங்கதேன் ஊரு தப்புப் பண்ணுச்சு. ஒரு மனுசன் கொரலத் தொலைச்சுட்டு நிக்கிறான், அவன் பாவம்னு ஒருத்தனும் நெனைக்கல. நூத்தி எம்பதுல போனவனுக்கு மட்டும் கெடைக்கிற பட்டம் மாதிரி அதப் பேச ஆரம்பிச்சாய்ங்க. "கொரலே பின்னாடி நின்னுபோற வேகம்டா"ன்னு டீக்கடையில சொல்லிச் சொல்லி, கேட்டவனுக்கெல்லாம் வாயில எச்சி ஊறுச்சு.

அதிகமா ஊறுனது வீரணனுக்கு. வீரணன் செல்லக்கிளி தம்பி. இருவத்திரெண்டு வயசு, கல்லறுக்கிற பட்டறையில வேல, அக்கா வீட்டுக்காரன்னா அவனுக்குச் சாமி. தவணையில ஒரு புது பைக்க எடுத்தான், செவப்பு ஹெல்மெட்டு ஒண்ண வாங்குனான், பங்குனி கடைசி ஞாயித்துக்கெழம டீ சொல்லப் போறேன்னு பாய் கடையில நின்னு அறிவிச்சான்.

"மச்சான் நூத்தி எம்பது. நான் நூத்தித் தொண்ணூறு. மச்சான் கொரலு ஒரு நா பிந்துச்சுல்ல, என் கொரலு ஒரு வாரம் பிந்தும் பாருங்கடா!"

"ஒரு வாரம் நீ பேசுறது கேக்காதுன்னா நானே பெட்ரோலு போட்டு விடுறேன்"னாரு பாய். எல்லாரும் சிரிச்சாய்ங்க. சோணைமுத்து மட்டும் சிரிக்கல. சிரிச்சாலும் மறுநாதேன் கேட்டிருக்கும், அது வேற.

அவன் வீரணனத் தனியாக் கூப்பிட்டு ரெண்டு தோளையும் பிடிச்சுக்கிட்டு வாயசைச்சான். போகாத மாப்ளன்னு சொன்னான். அது மறுநா வீட்டு வாசல்ல விழுந்தப்ப வீரணன் பட்டறையில இருந்தான். வாசல்ல மேஞ்ச கோழி மட்டும் கேட்டுட்டு, எங்கயும் போகாம நின்னுச்சு. போன்ல "போகாத"ன்னு எழுதி அனுப்புனான். வீரணன் கட்டவெரல் பொம்மையப் பதிலுக்கு அனுப்புனான். சாவிய ஒளிச்சு வச்சான். ரெண்டாவது சாவி இருந்துச்சு. பாய்ட்ட போயி டீ போடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டான்.

"தம்பி, நான் போடாட்டி எதுத்த கடையில போடுவான். அவன் டீ எப்பவுமே ஆடை கட்டாது, பாலே கெடையாது. பய நிதானமே இல்லாமப் போயிருவான். எங்கிட்ட சொல்லிட்டுப் போறதுதேன் நல்லது"ன்னாரு பாய்.

மத்தவெய்ங்களுக்கு வீரணன் தோக்குறானா செயிக்கிறானாங்கிறது வேடிக்க. சோணைமுத்துக்கு மட்டுந்தேன் அவன் திரும்பி வாரானா இல்லையாங்கிறது கேள்வி. ஏன்னா கண்மா வளைவு எப்பிடி இருக்கும்னு அவனுக்குத்தேன் தெரியும்.

வியாழக்கெழம ராத்திரி அவனுக்கு ஒரு ரோசன வந்துச்சு. சனிக்கெழம காலைல ஆறு அம்பத்திரெண்டுக்குக் கண்மா வளைவுக்கு முன்னாடி போயி நின்னு "பைய வாடா"ன்னு தொண்ட கிழியக் கத்தினா, ஞாயித்துக்கெழம அதே நேரத்துக்கு வீரணன் வர்றப்ப அங்க கேக்கும்ல? சந்தோசத்துல எந்திரிச்சு உக்காந்தான். உக்காந்த வாக்குல அப்பிடியே சுருண்டு படுத்துட்டான். யாரு காதுல கேக்கும்? நூத்தி அம்பத்தஞ்சுலதேன் காது கதவச் சாத்திருமே. ரோட்டோரம் வானமே இடிஞ்சு விழுந்தாலும் உள்ள வராதே. அந்த அமைதிய ஊரெல்லாம் சொல்லி ஆச காட்டுனது யாரு? அவனேதேன்.

வெள்ளிக்கெழம ரத்தத்தக் குடுத்துட்டு வெறும்பெட்டியோட திரும்பி வர்றப்ப, எதுக்க அந்தக் கண்டக்டரு பஸ்ஸு போச்சு. டிக்கெட் எடுக்காத பயணின்னு கைய ஆட்டுனாரு. சோணைமுத்து கரிச்சான ஓரங்கட்டி நிறுத்தி, தலையிலருந்து ஹெல்மெட்டக் கழட்டி, அதுக்குள்ள ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னான்.

வந்த ரோசனையயும், அந்நேரத்துக்குக் கண்மா வளைவுல ஆடு கடக்கும்ங்கிறதயும் செல்லக்கிளிக்குப் போன்ல எழுதிக் காட்டுனான். அவ எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிச்சுட்டு, "ஞாயித்துக்கெழம கண்மா வளைவுல ஆட்ட மறிக்க நான் போறேன். ஆனா ஆட்ட ஒரு நா மறிக்கலாம். இவெய்ங்கள எத்தன ஞாயித்துக்கெழம மறிக்கிறது? நீ சொல்றதுதேன் அவன் மண்டையில நிக்கணும்"னா. சனிக்கெழம விடியமுன்ன தம்பி வீட்டுக்குப் போயி, "புது ஹெல்மெட்டுக்கு அய்யனாரு கோயில்ல சந்தனம் வச்சுத் தாரேன்டா"ன்னு வாங்கிட்டு வந்துட்டா. நெசமாவே சந்தனமும் வச்சா, பொய் சொன்னா ஆகாதுன்னு.

ஆறு நாப்பத்தஞ்சுக்குச் சோணைமுத்து வாசல்ல கரிச்சான் மேல ஏறி உக்காந்தான். எஞ்சினு ஓடல. செவப்பு ஹெல்மெட்ட மாட்டுனான், தலைக்கு இறுக்கமா இருந்துச்சு, கண்ணாடிய எறக்குனான். ஆறு அம்பதுக்குச் செல்லக்கிளி ஒரு டம்ளரத் திண்டுல டொக்குன்னு வச்சா. அவன் கண்ண மூடி, மனசுக்குள்ள முறுக்குனான்.

நூறு தடவ போன ரோடு. கண்ண மூடுனா இன்னும் நல்லாத் தெரிஞ்சுச்சு. இப்ப ரைஸ்மில்லு, இப்ப மொதப் பாலம், காத்து சட்டையப் பிடிக்குது, இப்ப புளியமரம் சொவராகுது, இப்ப எரைச்சலு, வருது, வருது. அதுவரைக்கும் ஒரு வார்த்த பேசல. பேசுனா வீரணன் வேகமெடுக்கிறதுக்கு முன்னயே கேட்டு ஹெல்மெட்டக் கழட்டி வீசிருவான். நாப்பது எண்ணுனான். இந்நேரம் சத்தம் சாகும். இந்த எடத்துலருந்து கண்மா வளைவுக்கு ஒரு நிமிசம்.

என்ன சொல்லணும்னு வெள்ளி ராத்திரி பூரா யோசிச்சு வச்சிருந்தான். "நில்லு"ன்னு சொல்லக்கூடாது. அந்த வேகத்துல நில்லுன்னு கேட்டா கை தானாப் பிரேக்கப் பிடிக்கும், பிடிச்சா ஆளு அங்க, வண்டி எங்கயோ. கத்தக்கூடாது. பயந்தா வண்டி ஒதறும். அதனால கொழந்தைக்குச் சோறு ஊட்டுறவ மாதிரி, ரொம்பப் பைய ஆரம்பிச்சான்.

"மாப்ள, நாந்தேன். பதறாத. பிரேக்கத் தொட்டுறாத. நல்லா இருக்குல்ல இங்க? எனக்குத் தெரியும். கைய ஒரு நூலு எறக்கு. அம்புட்டுத்தேன். அங்கயே வையி. இப்ப இன்னொரு நூலு. காத்து வந்து நெஞ்சுல தள்ளும், தள்ளட்டும், அது உன்னயப் பிடிக்கத்தேன் வருது. இன்னொரு நூலு. எரைச்சலு திரும்பி வருதா? வரட்டும். இப்ப எந்திரிச்சு உக்காரு, பைய..."

நெனச்சு வச்சிருந்தது அம்புட்டுத்தேன். முடிஞ்சுபோச்சு. ஆனா மூடுன கண்ணுக்குள்ள கண்மா வளைவு வந்துக்கிட்டு இருந்துச்சு, வாயி நிக்கல.

"அன்னைக்கு இந்த எடத்துல ஆட்டுக்காரரு நின்னாரு மாப்ள. ஒடச்ச வழியில, ஆட்டுக்கு முன்னாடி. அவரு ஒரு எட்டு முன்ன வச்சிருந்தா நானும் இல்ல, அவரும் இல்ல. அவரு வாயி பெருசாத் தொறந்திருந்துச்சு. கத்திருப்பாரு. எனக்குக் கேக்கல. மனுசன் உசுருக்குக் கத்துறான், எனக்கு அமைதியா இருந்துச்சு மாப்ள. வண்டிய நிறுத்தி எறங்குனேன். நீங்க கையத் தட்டுனீங்க, அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். பயமா இருந்துச்சு. அன்னைக்கு மட்டும் இல்ல. ஒவ்வொரு தடவயும் பயமாத்தேன் இருந்துச்சு. ஒருத்தன்ட்டயும் சொன்னதில்ல."

ஹெல்மெட்டக் கழட்டுனப்ப கண்ணாடி உள்பக்கம் ஈரமா இருந்துச்சு. செல்லக்கிளி அத வாங்குனா. முந்தானையால தொடச்சு, சந்தனத்தச் சரிபண்ணி, தம்பிக்குக் கொண்டுபோயிக் குடுத்துட்டா.

ஞாயித்துக்கெழம பாய் கடையில தேரு பாக்குற கூட்டம். செல்லக்கிளி விடியமுன்னயே ஒரு குச்சிய எடுத்துக்கிட்டுக் கண்மாயப் பாக்கப் போயிட்டா. டவுன்பஸ்ஸு போச்சு. வீரணன் செவப்பு ஹெல்மெட்ட மாட்டுனான்.

"பாய், ஒரு டீ!"

பாய் சோணைமுத்த ஒரு பார்வ பாத்துட்டு மொபைலப் பாத்தாரு. ஆறு நாப்பத்தொம்போது. கிளாஸக் கையில வச்சுக்கிட்டு ஒரு தூசிய எடுத்தாரு. ஈய ஓட்டுனாரு. கிளாஸ வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு.

"என்ன பாய், கிளாஸுக்குக் கண்ணாலமா? வைங்க!"

"அவசரப்படாதடா, சுத்தம் முக்கியம்"னாரு, கடை போட்ட நாளுலருந்து அந்தக் கிளாஸ ஒழுங்காக் கழுவாதவரு. ஆறு அம்பதானதும் டொக்குன்னு வச்சாரு. வீரணன் சீறிக்கிட்டுப் போயிட்டான்.

சோணைமுத்து கிளாஸுக்கு முன்னாடி குத்தவச்சு உக்காந்து, டீயவே பாத்துக்கிட்டு இருந்தான். மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்தான். நாப்பது ஆச்சு. நூறு ஆச்சு. ரெண்டு நிமிசம். மூணு. டீ மேல மொதல்ல ஒரு சுருக்கம் வந்துச்சு, கொளத்துல காத்து விழுந்த மாதிரி. நாலரையில ஓரத்துல ஒட்டுச்சு. அஞ்சு நிமிசத்துல முழுசா மூடுச்சு. "போச்சுடா, நெத்தியில ஒட்டப்போறான்"னு எளவட்டங்க ஆர்ப்பாட்டம் பண்ணாய்ங்க. ஏழு நிமிசம் ஆச்சு, ஆர்ப்பாட்டம் கொறஞ்சுச்சு. பத்து நிமிசம் ஆச்சு. ஆடை தடிச்சு மஞ்சளாச்சு. சோணைமுத்து வாழ்க்கையில ஆடை கட்டணும், இன்னும் கட்டணும், கட்டுனாலும் பரவாயில்ல, வண்டிச் சத்தம் கேட்டாப் போதும்னு வேண்டுனது அன்னைக்குத்தேன்.

பதிமூணாவது நிமிசம் கேட்டுச்சு. சைக்கிளுக்கு எஞ்சினு வச்ச மாதிரி பட்டுபட்டுன்னு ஒரு சத்தம். செவப்பு ஹெல்மெட்டு தெரிஞ்சுச்சு. பின்னாடி ஒருக்களிச்சு உக்காந்துக்கிட்டு, ஒரு கையில குச்சியும் ஒரு கையில தம்பி தோளுமா செல்லக்கிளி.

"வெள்ளரிப்பிஞ்சு எங்கடா?"ன்னு ஒருத்தன் கேட்டான்.

"பிஞ்சு கெடைக்கல. அக்காவக் கொண்டாந்திருக்கேன்"னான் வீரணன். சிரிக்க வச்சுட்டான், ஆனா அவன் ஒதடு வெளுத்துப் போயிருந்துச்சு.

செல்லக்கிளி எறங்கி மூச்சுவாங்கச் சொன்னா: "மறிச்சுப் பாத்தேன், ஒரு ஆடு நிக்குதா! நாப்பது உருப்படி, ரோட்டடச்சுப் பரவிருச்சு. தூரத்துல இவன் வண்டிச் சத்தம் துணியக் கிழிக்கிற மாதிரி வருது. பெறகு பாத்தா, சத்தம் எறங்குது. படிப்படியா எறங்குது. ஆட்டுக்கு இருவது அடிக்கு முன்னாடி வந்து நின்னு, கால ஊனி, ஹெல்மெட்டக் கழட்டாம அப்பிடியே உக்காந்திருக்கான். கடைசி ஆடு நொண்டி. அது தாண்டுற வரைக்கும் நின்னான்."

வீரணன் யாரையும் பாக்கல. பெஞ்சுக்கிட்ட வந்து, கிளாஸுலருந்த ஆடைய ரெண்டு விரலால எடுத்து நெத்தியில ஒட்டிக்கிட்டான். ஒருத்தனும் விசிலடிக்கல. சோணைமுத்து அவன் பக்கத்துல உக்காந்தான், அந்த ஆடையில பாதியப் பிச்சுத் தன் நெத்தியில ஒட்டிக்கிட்டான். பெறகு மச்சினன் மொகத்தப் பாத்து, வாயத் தொறந்து என்னமோ கேட்டான். சத்தம் வரல. வீரணன் மணியப் பாத்துக்கிட்டான். ஏழு அஞ்சு.

மறுநா திங்கக்கெழம. பட்டறைக்கு லீவு சொல்லிட்டு வீரணன் நடந்தே வந்தான். வந்து நேத்து உக்காந்த எடத்துலயே உக்காந்தான். சோணைமுத்து எதுத்தாப்புல நின்னான். பாய் டீய ஆத்தாம கையில வச்சுக்கிட்டு நின்னாரு. ஏழு அஞ்சானதும், பெஞ்சுல வீரணனுக்குப் பக்கத்துல வெறும் எடத்துலருந்து கொரலு வந்துச்சு:

"கேட்டுச்சா மாப்ள?"

வீரணன் எதுத்தாப்புல நிக்கிற ஆளப் பாத்துச் சொல்லல. பக்கத்துல இருக்கிற வெறும் எடத்தப் பாத்துத்தேன் சொன்னான், நேத்து அங்க உக்காந்திருந்தவனுக்கு.

"கேட்டுச்சு மச்சான். பூராவும் கேட்டுச்சு." பாய் கையிலருந்த டீய வாங்கிக்கிட்டான். "எனக்குந்தேன் மச்சான். ரைஸ்மில்லு தாண்டுனதுலருந்தே பயமாத்தேன் இருந்துச்சு."

சோணைமுத்து வந்து அவன் பக்கத்துல உக்காந்தான். ரொம்ப நேரம் யோசிச்சான். பெறகு ஒதடு அசைஞ்சுச்சு, நாலஞ்சு வார்த்தைதேன் இருக்கும். பாய் நாளைக்கு அந்த எடத்துல வேற ஆளு உக்காந்துறாம ஒரு கிளாஸக் கவுத்து வச்சாரு.

வீரணன் எந்திரிச்சு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டான்.

"சரி மச்சான், நாளைக்கு வந்து கேட்டுக்கிறேன்."